முகம் மாறாமல் கேட்பவள்

மூன்று துறைக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே கதவைத் தட்டுவது எங்கள் வேலை. சமூகவியல்காரர்களுக்குப் பதில், மருத்துவத் துறைக்கு ரத்தம், சுற்றுச்சூழல் துறைக்குக் குழாய்த் தண்ணீர். தனித்தனியாக ஆள் அனுப்பினால் கட்டுப்படியாகாதாம். அதனால் பல்கலைக்கழகம் எங்கள் இரண்டு பேரைப் பிடித்து மாடி மாடியாக ஏற்றி இறக்குகிறது. கேள்வி கேட்பது அக்கா. ரத்தம் எடுப்பது, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது, ஐஸ் பெட்டியைச் சுமப்பது எல்லாம் நான். லிஃப்ட் வேலை செய்கிற கட்டடம் இதுவரை எங்கள் கண்ணில் பட்டதில்லை. அது என்ன ராசியோ!

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, வேலையில் மூத்தவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கேள்வியக்கா. புருஷன் செத்துப்போனபோது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தற்காலிக வேலை என்று சேர்ந்தாள். அந்தக் குழந்தைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, அக்கா இன்னும் தற்காலிகம்தான். கேட்டால், "விடுடி, இதுவாவது இருக்கே" என்பாள்.

இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் முகம் மாறக் கூடாது. "அடடா" கூடாது, "ஐயையோ" கூடாது, "நல்லது" என்றுகூடச் சொல்லக் கூடாது. "சரி", "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க", "வேற ஏதாவது?" இந்த மூன்றுக்கு மட்டும் அனுமதி. புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது வீட்டிலேயே உச்சுக் கொட்டி மாட்டிக்கொள்வார்கள். அக்கா மாட்டியதே இல்லை. அவள் முகம் கழுவித் துடைத்த பலகை மாதிரி இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னார்கள்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், மகன் தன்னோடு பேசுவதே இல்லை என்று தேம்பித் தேம்பி அழுதார். அக்கா, "சரி. வேற ஏதாவது?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியில் இறங்கும்போது பிடித்தேன் ஒரு பிடி.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாக்கா? ஒரு வார்த்தை ஆறுதலா சொன்னா என்ன, வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"நான் முகம் சுளிச்சா, அடுத்த கேள்விக்கு அவரு என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாரு. அப்புறம் அது அவரோட பதிலா இருக்காது" என்றாள். சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

நாங்கள் ஏறி இறங்கியதெல்லாம் ஒருநாள் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் புதிய ஆய்வு என்று வரும். தனியாக இருப்பவர்கள் சரியாகத் தூங்குவதில்லையாம். நெருக்கடியான வீடுகளில் சண்டை அதிகமாம். "இதைக் கண்டுபிடிக்கத்தான் என் முட்டி தேய்ஞ்சுதா?" என்று கத்துவேன். அக்கா மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பாள். நடுவில் எங்கேயாவது நிறுத்தி, "இது அந்த நாலாவது மாடி வீடு" என்பாள். பிறகு அந்த வரியையே திரும்பப் படிப்பாள். அவளுக்கும் அலுப்புதான், வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம். பெட்டியை ஆய்வகத்தில் ஒப்படைத்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கிற அக்கா வீட்டுக்கு டீ குடிக்கப் போனோம். அவள் மகள் பையும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கதவைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, மகளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று ஏறியிறங்கிய களைப்பில் கண் பாதி மூடியிருந்தது.

"அம்மா, அவரு என்னை அடிக்கிறாரு."

"சரி" என்றாள் அக்கா.

"கல்யாணமான புதுசுல இருந்தே அடிக்கிறாரு. நேத்து செவுத்துல வெச்சு மோதினாரு."

"இன்னும் கொஞ்சம் சொல்லு."

மகள் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. இரண்டொரு வார்த்தை சொன்னாள், பாதியில் நின்றுவிட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அக்கா வாயிலிருந்து அது வந்தே விட்டது.

"வேற ஏதாவது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மகள் சிரித்தாள், கேட்கவே பயமாக இருந்தது.

"நான் என்ன உன் ஆய்வுல இருக்கிற வீடாம்மா? எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டு அடுத்த கதவுக்குப் போயிடுவியா? உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும். உனக்கு எங்க புரியப்போகுது? உனக்குத்தான் அப்பா மாதிரி தங்கமான மனுஷன் கிடைச்சாரே!"

பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள். புருஷன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள், வேறு எங்கே போவாள்? நான் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் பஸ் கிளம்பிவிட்டது. திரும்பி வந்தால் அக்கா அதே நாற்காலியில். தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது.

"வேணும்னு சொல்லலடி" என்றாள். "வாய் தானா சொல்லிடுச்சு."

எனக்குக் கோபம் ஒரு பக்கம், அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது ஒரு பக்கம். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. அடுப்பை அணைத்தேன்.

மறுநாள் அக்கா முதன்முறையாக மேற்பார்வையாளரிடம் பொய் சொன்னாள். உடம்பு சரியில்லையாம். மருமகன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து என்னையும் இழுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். அதுவும் மாடிதான். அக்கா ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

"நான்தாம்மா" என்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எல்லாம் நல்லா இருக்கும்மா. நீ வேலைக்குப் போ."

இந்தப் பதிலை நாங்கள் கேட்காத கட்டடம் இல்லை. சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு நகர்வதுதான் முறை. அக்கா நகரவில்லை. சிமெண்டுத் தரையில் காலை நீட்டிக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏதாவது பேசுக்கா, ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தா அவ எப்படித் திறப்பா?" என்றேன்.

நாலைந்து தரம் வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு கதவைப் பார்த்துப் பேசினாள்.

"உங்கப்பா தங்கமான மனுஷன் இல்லடி."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"என்னை அடிப்பாரு. நீ வயித்துல இருக்கும்போதும் அடிச்சாரு. செத்துப் போனப்ப எல்லாரும் அழுதாங்க, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இதை எப்படி வெளிய சொல்றது? உனக்காவது நல்ல அப்பாவா இருக்கட்டும்னு தங்கம் தங்கம்னு சொல்லி வெச்சேன். அடிக்கும்போது முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாதுடி. காட்டினா இன்னும் ரெண்டு விழும். அப்படியே பழகிப்போச்சு. இந்த வேலைக்கு எடுத்தப்ப, உங்களுக்குச் சொல்லியே தர வேணாம்னு பாராட்டினாங்க."

இத்தனை வருஷம் பக்கத்திலேயே நடந்த எனக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் கதையும் எங்களிடம் இருந்தது, இது இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. மகள் நின்றாள். நேற்று இல்லாத வீக்கம் கன்னத்தில், ஒரு கண் பாதி மூடியிருந்தது. அக்கா தரையில் இருந்தபடியே அதை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாய் கோணியது, தாடை ஆடியது, அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. மேல் மாடியில் கதவுகள் திறந்தன. யாரோ, "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள். அக்காவுக்கு யாரும் கண்ணில் படவில்லை. முகமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

மகள் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாதம்மா, ஊரே பார்க்குது பாரு" என்றாள். "இரு, செருப்பைப் போட்டுக்கிட்டு உன்கூடவே வந்துடறேன்."