பனிக்கு விட்ட தீ

தார்ப்பாயின் நடுவில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் நான் முகம் கழுவுவேன். தை, மாசி மாதங்களில் சித்தேரி மலைக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றப் போனால், ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்த வளைவுகளில் பாரத்தோடு இருட்டில் இறங்க எனக்குத் தைரியம் போதாது. லாரியை அக்காவின் காட்டோரம் நிறுத்தி, கிழங்கின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு கேபினில் சுருண்டுகொள்வேன். விடிந்து பார்த்தால் மழை பெய்து ஓய்ந்தது போல வண்டி முழுக்க நனைந்திருக்கும். தார்ப்பாயின் பள்ளத்தில் ஒரு சொம்புத் தண்ணீராவது நிற்கும். அத்தனையும் பனி. பல்லை நடுக்கும் அந்தத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்ளும்போது, "அதியமான்கோட்டைக்காரருக்கு எங்க ஊர்ல வானமே தண்ணி எடுத்து வெக்கிது" என்று அக்கா வாசலில் நின்று கேலி பேசுவாள். இப்போது அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கே தகரக் கூரை சுடுகிறது. முகம் கழுவக் குடத்துத் தண்ணீரை எடுத்தால் அதுவும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. சமவெளியில் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு நான் கிழங்கு லாரி ஓட்டிய காலத்தில், மலையில் வழக்கமாக ஏற்றும் காடு அவளுடையது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர், மரம் நிற்கும் காட்டுக்கும் காடு என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். அவள் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். வம்பு பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. முன்பெல்லாம் அந்த நிலத்தில் சாமையும் கேழ்வரகும்தான் போட்டார்களாம். சாமைக்கு நடுவில் நெல்லி மரம் நின்றாலும், கடுக்காய் மரம் நின்றாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. கிழங்கு அப்படியில்லை, அதற்கு நிழல் ஆகாது. நிலத்தில் நின்ற மரங்கள் முதலில் போயின. பிறகு வருசா வருசம் ஒரு காடு இன்னொரு காட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "எங்க சோத்த ஏத்திக்கிட்டுப் போயி, ரேசன் அரிசியா எறக்குறவன் நீதான் மாப்ள" என்பார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் கிழங்கு போட்டதற்குப் பிறகுதான் பெண் பிள்ளைகள் இரண்டும் அரூருக்குப் படிக்கப் போயின, அதையும் அவரே சொல்வார்.

ஆலையில் என் லாரிக்குப் பக்கத்தில் இன்னொரு லாரி விறகு இறக்கிக்கொண்டு நிற்கும். ஜவ்வரிசியை உருட்டிய பிறகு வறுத்துக் காயவைக்க வேண்டும், அந்த அடுப்புகளுக்குத்தான் விறகு. அதுவும் எங்கள் மலைப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஒரே மலையை இரண்டு லாரியில் இறக்குகிறோம், ஒன்றில் கிழங்கு, இன்னொன்றில் அதை வறுக்க விறகு என்று அந்த டிரைவரிடம் ஒரு நாள் சொன்னேன். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அதுக்கு என்னங்க இப்ப என்றான். தொப்பூர்க் கணவாயில் வண்டி ஏதாவது கவிழ்ந்துவிட்டால் மணிக்கணக்கில் வரிசையில் நிற்போம், எவனும் என்ஜினை அணைக்க மாட்டான். அந்தக் கரும்புகையை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிற்கும்போதுகூட, இதற்கும் மலையில் விழும் பனிக்கும் ஏதாவது உறவு இருக்கும் என்று நினைத்ததில்லை. புகை மேலே போனால் போனதுதான் என்று நினைத்தவர்கள் நாங்கள்.

அக்கா வீட்டில் ஒரு பேச்சு உண்டு, பனிக்கு விடுறது என்று. கிழங்கு பிடுங்கிய பிறகு, நடுவதற்கான குச்சிகளை நிழலில் அடுக்கிவிட்டு, வேலியோர முள்ளையும் உண்ணிச்செடியையும் வெட்டிக் குவித்துப் போடுவார்கள். காய்ந்ததும் அதற்கு நெருப்பு வைக்க வேண்டும். பகலில் வைக்க மாட்டார்கள், காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். பொழுது விழுந்த பிறகு வைப்பார்கள். நெருப்பு எரிந்து தணிந்து கங்காகக் கிடக்கும்போது பனி இறங்கும். விடிவதற்குள் கங்கும் செத்துவிடும். தண்ணீர் சுமந்து அணைக்கும் வேலையே கிடையாது. தீயைப் பனிக்கு விட்டாச்சு என்று சொல்லிவிட்டு ஊரே நிம்மதியாகத் தூங்கப் போகும். அந்த மலையில் அது எத்தனை தலைமுறைப் பழக்கமோ, பனி அவர்களை ஏமாற்றியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு வருசம் ஐப்பசி மழை சரியில்லை. மார்கழியிலேயே போர்வை தேவைப்படவில்லை. மாசியில் ஒரு நாள் நான் கிழங்கு ஏற்றி முடித்தபோது மாமா ஊரில் இல்லை. சின்னவளைப் பள்ளி விடுதியில் விட அரூருக்குப் போனவர், கடைசி பஸ்ஸில்தான் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். நெருப்பு வைப்பது அந்த வீட்டில் எப்போதும் அக்காவின் வேலை. அவள் கைக்கு நெருப்பு அடங்கும் என்று மாமாவே பெருமையாகச் சொல்வார். நான் லாரிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குவியலைச் சுற்றி அகலமாகச் சருகைக் கூட்டித் தள்ளினாள். மேட்டுப் பக்கம் காய்ந்த புல்லைச் செதுக்கி மண்ணைப் புரட்டிப் போட்டாள். வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மேகம் இல்லை, இலை அசையவில்லை, பனி நன்றாக இறங்கும் என்பதற்கு அவர்கள் பார்க்கும் அடையாளமெல்லாம் சரியாக இருந்தது. பற்றவைத்துவிட்டு, எரிந்து தணிகிற வரை பக்கத்திலேயே நின்றாள். அவ்வளவு நிதானமாக ஒருவர் நெருப்பு வைத்து நான் பார்த்ததில்லை.

விடிந்ததும் வழக்கம் போலத் தார்ப்பாய்ப் பள்ளத்தில் கையை விட்டேன். கையில் ஒட்டியது புழுதி. ஒரு சொட்டு ஈரம் இல்லை. என்னவோ போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மேட்டுக் காட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. கங்குகள் சாகவே இல்லை. விடியற்காற்று கிளம்பியதும் அதிலிருந்து பொறி பறந்து, செதுக்கிய மண்ணைத் தாண்டிச் சருகில் விழுந்திருக்கிறது. இரவு கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த மாமா எனக்கு முன்னால் பார்த்துவிட்டார். பச்சைத் தழைக் கொத்தை ஒடித்துக்கொண்டு மேலே ஓடினார், ஊர் ஆட்களும் ஓடினார்கள். மேட்டில் கடுக்காய் மரங்கள் இருந்தன. கிழங்கு விலை விழும் வருசமெல்லாம் மலைக்குச் சோறு போட்டவை அந்த மரங்கள்தான். மற்றவர்கள் கீழே நின்று அடித்து அணைக்க, மாமா மரங்களுக்கும் தீக்கும் நடுவில் புல்லைச் செதுக்கி வழி மறிக்கப் போனார். காற்று திரும்பியது. புகைக்குள்ளிருந்து அவரைத் தூக்கி வந்தபோது பார்க்கவே முடியவில்லை. இத்தனை வருசம் கழித்தும் அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

கிழங்கை இறக்கக்கூட நேரமில்லை. பாரத்தோடு அப்படியே கிளம்பினேன். மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கேபினில் உட்கார்ந்திருந்தாள். இறங்க இறங்க ஒவ்வொரு வளைவிலும் அவர் முனகினார். பாதி மலை இறங்கியதும் முனகல் நின்றது. தெளிவாகப் பேசினார்.

"கேட்டா நாந்தான் பத்த வெச்சேன்னு சொல்லு, புள்ள."

அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"செத்தவம்மேல கேசு ஏது? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிருக்க. மாப்ள, நீயும் கேட்டுக்க."

அந்த நேரத்திலும் அவர் குரலில் பழைய வம்புப் பேச்சின் சாயல் இருந்தது. அரூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது அக்கா இறங்கவில்லை, அவசரம் ஒன்றும் இல்லை தம்பி என்றாள்.

விசாரிக்க வந்த காட்டிலாகாக்காரர்கள் மாமா சொன்னபடியே எழுதிக்கொண்டு போனார்கள். கேஸ் அவரோடு முடிந்தது. ஆனால் பேச்சு முடியவில்லை. கடைசி பஸ்ஸில் குடித்துவிட்டு வந்து பற்றவைத்தார் என்று ஒருவர் சொன்னார். நெருப்பை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். ஊர்க் கடுக்காயை எரித்தவர் என்று அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது. ஏற்றப் போகும்போதெல்லாம் அக்காவைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், கேலிப் பேச்சு அறவே நின்றுபோயிருந்தது. இருக்கும்போது என்னைக் காப்பாத்துனாரோ இல்லையோ, செத்துக் காப்பாத்துறாரு, அதத்தான் தம்பி தாங்க முடியல என்று ஒரு முறை சொன்னாள்.

அடுத்த மாசியில் நான் போன அன்று ஏற்றுக்கூலி ஆட்கள் யாருமே இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு ஏதோ கூட்டம், எல்லோரும் அங்கே இருக்கிறார்கள் என்றார்கள். நானும் போய்ப் பின்னால் நின்றேன். கீழேயிருந்து வந்திருந்த ஒரு பெண் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு, ஆனால் நன்றாகப் பேசினாள். மரம் குறைந்தால் மலை சூடாகிறது, நாம் எரிக்கும் டீசலும் கரியும் விடும் புகை வானத்தில் போர்வை போல மூடுகிறது, என்ன விதைக்கிறோம் என்ன சாப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்துதான் மழையையும் பனியையும் மாற்றுகிறது என்றாள். கணவாயில் நின்ற லாரி வரிசை எனக்கு நினைவுக்கு வந்தது. பிறகு திரையில் ஒரு படம் காட்டினாள். கருகி நின்ற கடுக்காய் மரங்கள். போன வருசம் இதே ஊரில் ஒருவருடைய அலட்சியத்தால் இவ்வளவு போயிற்று, அவர் உயிரும் சேர்ந்து போயிற்று என்றாள். எழுதிக் கொடுத்திருந்ததைத்தான் படித்தாள், அவள்மேல் தப்பில்லை.

அக்கா எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெரிய மகள் சேலையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். முன்வரிசையில் காட்டிலாகா ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் பார்த்துக்கொண்டுதான் அவள் பேசினாள்.

"அவரு பத்த வெக்கலைங்க. நாந்தான் பத்த வெச்சேன். பனி வரும்னு நெனச்சுப் பத்த வெச்சேன். கேசு போடறதுன்னா எம்மேல போடுங்க. அவர அலட்சியம்னு மட்டும் சொல்லாதீங்க."

பெரிய மகள் சேலையை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீ வைத்த அன்று அரூரில் இருந்த அவளுக்கும் அதுவரை தெரியாது. முன்வரிசை ஆட்களில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் திரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைக் பிடித்திருந்த பெண் அதைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வருசமாவது பனி வந்துச்சாங்க அக்கா என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லைங்க" என்றாள் அக்கா.

பந்தலுக்கு வெளியே சரிவெங்கும், ஒவ்வொரு காட்டிலும், வெட்டிப் போட்ட முள் குவியல் குவியலாகக் காய்ந்து கிடந்தது. யாரும் இன்னும் நெருப்பு வைக்கவில்லை. மழைக்கு முன்னால் குச்சி நட்டாக வேண்டும். ஆலைக்குக் கிழங்கு போயாக வேண்டும். யாராவது ஒருவர் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும்.