பவளம் ருசி பார்த்த தண்ணீர்

உவர்த் தண்ணீரில் போட்ட "தேத்தண்ணி" தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் கரிக்கும். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்த எங்களுக்கு அந்தக் கரிப்பு பங்குனியில் தொடங்கி மழை வரும்வரை வாயிலேயே இருக்கும். வீட்டுக் கிணறு குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டுந்தான். குடிப்பதற்கென்று ஊரில், கோயில் கிணற்றோடு சேர்த்து, நாலைந்து "நல்ல தண்ணி"க் கிணறுகள் இருந்தன, வெயில் ஏற ஏற அவையும் ஒவ்வொன்றாக உவராகிவிடும். எந்தக் கிணறு இன்னும் தாங்குகிறது என்று அறிய அம்மா என்னையும் தங்கை பவளத்தையும் விடியவே அனுப்புவா. குடம் தூக்குவது நான், ருசி பார்ப்பது பவளம்.

வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடி நிற்பாள். தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்க்க, நான் வெட்கத்தில் பின்னால் ஒதுங்கி நிற்பேன். "என்னடி, பூசை செய்யிற ஐயர் மாதிரி நிக்கிறாய், கெதியாச் சொல்லன்" என்று யாராவது பகிடி பண்ணினால், "பொறுங்கோ மாமி, இன்னும் உள்ளுக்குப் போகேல்லை" என்பாள் அந்த ஏழு வயதுக்காரி. பிறகு, "இது நாளைக்கும் நிக்கும்" என்றோ, "இது போச்சு" என்றோ சொல்வாள். நான் குடத்தை இறக்குமுன் அம்மா ஒன்றுதான் கேட்பா: "சின்னவள் குடிச்சவளோ?" குடித்தவள் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

நாட்டில் நடந்த சண்டை எங்களை இரண்டு பக்கமாக எடுத்துப்போனது. நான் டென்மார்க்குக்கு வந்து ஹொல்ஸ்டெப்ரோவில் வேலை செய்து ஓய்ந்து, இப்போது மகளோடு இருக்கிறேன். பவளம் கலியாணம் கட்டி அமெரிக்காவுக்குப் போனாள். அங்கே வீடு வாங்கப் போன இடத்தில் கூரையையும் பார்க்காமல் அறைகளையும் பார்க்காமல், வளவுக்குள் சொந்தக் கிணறு என்று கேட்டவுடனே பம்புக் குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாளாம். "அக்கா, எங்கட கோயில் கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கு, இந்த வீட்டை விடமாட்டன்" என்று அவள் போனில் சொன்னபோது எனக்கே தாகம் எடுத்தது. அந்தத் தண்ணீரில் சமைத்தாள், பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்தாள்.

அவள் வீடு வாங்கிய ஊருக்குப் பக்கத்தில் முந்தி அணுகுண்டுக்கு உள்ளே வைக்கிற பொருளைச் செய்த தொழிற்சாலை ஒன்று இருந்ததாம். மிஞ்சிய கழிவைப் பீப்பாய்களில் அடைத்தும் குழிகளில் ஊற்றியும் மண்ணுக்குள் விட்டிருக்கிறார்கள். அது வருஷக்கணக்காகக் கசிந்து, நிலத்துக்கு அடியில் தண்ணீரோடு தண்ணீராக நடந்து, பவளத்தின் கிணற்றுக்கும் வந்துவிட்டது. போன வருஷம் ஆட்கள் வந்து போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள். சோதித்த பிறகு கிணற்றை மூடச் சொன்னார்கள். பிறகு அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தண்ணீரால் வந்ததா என்று டாக்குத்தராலும் சொல்ல முடியவில்லை. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை.

"ஒரு கரிப்பும் இல்லை அக்கா, ஒரு மணமும் இல்லை. நான்தானே குடிச்சுப் பார்த்து நல்லது எண்டனான். பிள்ளையளும் நான் சொன்னபடியால்தானே குடிச்சதுகள்" என்று ஸ்பீக்கர் போனில் அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த என் மகள், "சித்தி, அது ஒருத்தற்ற நாக்குக்கும் தெரியாது" என்றாள்.

தீவில் அந்த நல்ல தண்ணிக் கிணறுகளும் உவராகிவிட்டன, பவுசர் லொறியில்தான் தண்ணீர் வருகிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். இங்கே எங்கள் குழாயில் வருவதும் நிலத்தடித் தண்ணீர்தான். கேத்திலின் அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். கிளாஸை வாயில் வைக்கும்போதெல்லாம், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அந்தச் சின்ன முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் போல இருக்கும்.

போன ஞாயிறு பவளம் கழுத்தில் துணிக்கட்டுப் போட்டபடி வீடியோவில் வந்தாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, கிளாஸைப் போனுக்கு முன்னால் பிடித்து, "சின்னவள், இது நிக்குமோ, போச்சோ?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை.

"சோதிச்சவையோ?" என்று கேட்டாள்.

"ஓம், இஞ்ச ஒழுங்காச் சோதிக்கிறவை."

"அப்ப குடி, அக்கா."