ஆறாம் நம்பர் இலை ஷெட்டுக்கு ஒரு பயணம்

கோவையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி நான். சூழ்நிலைக்கு ஏற்பத் தன்னையே மாற்றிக்கொள்ளும் மென்பொருளை எப்படிக் கட்டமைப்பது என்பது என் தலைப்பு. குன்னூர்ப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஆலையில் நான் எழுதிய மென்பொருள் ஓடுகிறது. சிறு விவசாயிகள் பறித்த இலையை எடை போட்டு லாரியில் ஏற்றும் இடம்தான் ஷெட்; ஆலையில் இலை நிரம்பிவிட்டால், லாரி எந்த ஷெட்டுக்குப் போக வேண்டாம் என்று அதுவே முடிவெடுக்கும். ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு புகைப்படம் வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். அதற்காகத்தான் போன ஜூனில் ஒரு சனிக்கிழமை மலையேறினேன். தேயிலை விலை படுத்துக்கிடந்த நேரம். என் கட்டுரையில் அது முன்னுரையில் ஒரு வரி, அவ்வளவுதான்.

காலை ஆறரை பஸ். பர்லியாரில் நிறுத்தியபோது மங்குஸ்தான் வாங்கிக்கொண்டேன், நீங்களும் வாங்குங்கள். குன்னூரிலிருந்து ஷெட் பதினோரு கிலோமீட்டர். போய்வர ஜீப்புக்கு நானூறு ரூபாய். ரோடு இருக்கிற லட்சணத்துக்குப் பேரம் பேச மனம் வராது.

"ஆறாம் நம்பர் ஷெட்டுலயா? என்னத்தப் போட்டோ எடுக்கப் போறீங்க?" என்றார் டிரைவர் சிவராஜ்.

"லாரி வந்து இலை எடுக்கறதைங்க."

"வந்தாத்தானுங்களே!" என்று சிரித்தார்.

தகரக் கூரைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் மூட்டைகளோடு நின்றார்கள். ராஜம்மா என்ற பெண், எடை போடும் முருகேசனைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். அரை ஏக்கர்க்காரி, விடியலில் பறித்த இலை சாக்குக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

"நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்லீன்னா எப்படிங்க? உங்க ஆளுங்க ஷெட்டுக்கு மட்டும் லாரி போகுதா?"

முருகேசன் பாவம், கைபேசியை நீட்டினார். "நான் என்னங்க பண்ணட்டும்? மெசேஜ் வந்திருக்குது, பாருங்க."

எட்டிப் பார்த்தேன். 'இன்று இலை எடுக்கப்படாது. ஒத்துழைப்புக்கு நன்றி.' நான் எழுதிய வாசகம். ஆலை நிரம்பினால் தூரமான ஷெட்டை முதலில் விட்டுவிடு என்பதும் நான் எழுதிய விதிதான். தூரமானது எப்போதும் இந்த ஒரே ஷெட் என்று எனக்கு உறைக்கவே இல்லை. 'யாருக்கும் பாதிப்பின்றி, மனிதத் தலையீடின்றி' என்று கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தேன். கூனிக் குறுகிப் போனேன்.

பேசாமல் ஜீப்பில் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் திட்டு முழுக்க முருகேசனுக்கு விழுந்துகொண்டிருந்தது. "அவர் மேல தப்பில்லைங்க. அதை எழுதினது நான்" என்றேன்.

ராஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப மாத்திருங்க." அவ்வளவுதான் சொன்னார். பிறகு சாக்கை ரோட்டோரம் கவிழ்த்தார். அடியில் இருந்த இலை சூட்டில் கெட்டுச் சிவந்துபோயிருந்தது.

நேரே ஆலைக்குப் போனேன். ஷெட்டுகளை முறை வைத்து மாற்றிவிட என் மென்பொருளுக்குப் பத்து நிமிடம் போதும். மேலாளர் சம்மதிக்கவில்லை. "டீசல் யாருங்க போடறது?" என்றார். எதற்கும் வளைந்துகொடுக்கும்படி கட்டியவள் நான். ஆனால் விதியை வளைக்கும் உரிமையை அவர் ஒருவரிடமே கொடுத்திருந்தேன்.

திரும்பும் வழியில் முருகேசனைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். கைபேசியை எடுத்து அந்த மெசேஜை மறுபடி காட்டினார்.

"அந்த நன்றியவாவது எடுத்துருங்க மேடம். அதப் பாத்தாத்தான் அவங்களுக்குப் பத்திக்கிட்டு வருது."

போகிறவர்களுக்கு: மதியத்துக்குள் போய்விடுங்கள், பிறகு பனிமூட்டம். ஸ்வெட்டர் அவசியம். கேமராவை வெளியே எடுக்கும் முன் அங்கே நிற்பவர்களிடம் கொஞ்சம் பேசுங்கள். கட்டுரையிலிருந்து அந்தப் பெருமை வரியை அடித்துவிட்டேன். மேலாளரிடம் இதுவரை மூன்று முறை பேசிவிட்டேன், விதி அப்படியேதான் இருக்கிறது. ஆறாம் நம்பர் ஷெட்டுக்கு இப்போதும் அந்த மெசேஜ் போகிறது, நன்றி இல்லாமல்.