வெளிப்பக்கம் பூசிய பெட்டி

எழுபதுகளில் ஊர்காவற்றுறையில் ஆசிரியராக இருந்தேன். என் மீன்தொட்டித் தண்ணீரை வடிகட்ட அக்ரிலிக் தகடுகளை ஒட்டி நானே ஒரு பெட்டி செய்தேன். மூட்டுகள் எல்லாம் ஒழுகின. பக்கத்து வீட்டு யோசேப்பு அண்ணை தன் வள்ளத்தின் ஒழுக்கை அடைக்க வெளிப்பக்கம் குங்கிலியம் பூசுவதைப் பார்த்துவந்து, நானும் அப்படியே பூசினேன்.

எங்கள் கிணறு உவர், மீன் தாங்காது. நம்பிக்கையோடு, மனைவி தூரத்துக் கிணற்றிலிருந்து சுமந்துவந்த இரண்டு குடம் நல்ல தண்ணீரையும் பெட்டியில் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் பூச்சு உரிந்து, விறாந்தை முழுக்க வெள்ளம்.

"மீனுக்கு நல்ல தண்ணி, எனக்கு உவர்த் தண்ணியோ?" என்று மனைவி வெறுங்குடங்களை என் கையில் திணித்தாள்.

படலை வாசலில் நின்ற யோசேப்பு அண்ணை கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாஸ்டர், வள்ளத்துக்குத் தண்ணி வெளியில நிண்டு தள்ளுது. உங்கட பெட்டியில உள்ளுக்கு நிண்டெல்லோ தள்ளுது! உள்ளுக்குப் பூசுங்கோ."

ஒன்றை மட்டும் அவரிடம் மறைத்தேன். அன்று காலை நான் படிப்பித்த பாடம் நீரமுக்கம், தண்ணீர் எப்படித் தள்ளும் என்பது. "எல்லாருக்கும் விளங்கிச்சுதோ?" என்று கேட்டேன். வகுப்பே "ஓம் சேர்" என்றது.

விளங்காமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.