பலகையின் அடியில் இருந்த சேவல்

என் நாத்தனாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பசைக்காரிதான். தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டும் கொட்டகையில், ஜன்னலோரத்து மேசையில், முப்பது வருஷம் உட்கார்ந்தவள். கட்டிக்கொண்டவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். வீட்டுக்குள் வந்து கை கழுவிய பிறகும் விரல் நுனியில் மாவுப் பசை வாசனை இருக்கும்.

எனக்கு எழுத்து தெரியாது. கடையில் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவேன். என்னைப் போல் பாதிப் பேர். அவள் வேலை செய்த ஆலையின் பெட்டியில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு சேவல். அந்தச் சேவலை அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அதை வரைந்தவனுக்கே தெரிந்திருக்காது. "முன்னாடி கொண்டையில அஞ்சு பல்லு அண்ணி, இப்ப மூணுதான். வால் பச்சையா இருந்தது, நீலமாக்கிட்டாங்க" என்பாள். அடுப்பு பற்றினால் போதாதா என்பேன் நான்.

லேபிள்களை ஆல்பத்தில் சேர்த்து வைக்கிறவர்கள் உண்டாம். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு கட்டு லேபிள் வெளியே போனால் போலிப் பெட்டி முளைத்துவிடும் என்று, வாசலில் முந்தானையை உதறிக் காட்டினால்தான் வெளியே விடுவார்கள். ஆனால் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. புது லேபிள் வந்தால், முதல் தாளை மேசைப் பலகையின் மூலையில் ஒட்டிப் பசையின் பதம் பார்ப்பார்கள். அதன் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. அவள் மேசையில் அது ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

ஒரு வருஷம் இன்னொரு ஆலைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சேவல் எங்களுடையது, எங்களைப் பார்த்து நீங்கள் போட்டீர்கள் என்று. அவர்கள் சேவல் காலடியில் ஒரு விளக்கு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முதலாளியிடம் பழைய லேபிள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கரையான் வாய்க்குப் போயிருந்தது. சேவல் போனால் பெட்டியை யார் வாங்குவார்கள்? கொட்டகையில் நாற்பது பெண்களுக்கும் சோறு இறங்கவில்லை.

இவள் போய்ச் சொன்னாள், என் பலகையில் எல்லாம் இருக்கிறது, அடியில் இருப்பதுதான் முதலில் வந்தது என்று. மேஸ்திரி உடனே உளியைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். இவள் பலகை மேல் கையை வைத்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் பலகையைக் கழற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கெட்டிலைப் பிடித்து ஆவி காட்டினேன், அவள் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தாள். நீல வால் போய்ப் பச்சை வால் வந்தது. மூன்று பல் போய் ஐந்து பல் வந்தது. கல்யாண ஆல்பத்தைப் பின்னாலிருந்து புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னும் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சேவல்தான். காலடியில் விளக்கு.

அந்த மேசைகளை முதலாளியின் அப்பா ஆலை தொடங்கும்போது அந்த விளக்குச் சேவல் ஆலைக்காரர்களிடமிருந்துதான் பழசாக வாங்கிப் போட்டிருக்கிறார். அது ஒருவருக்கும் நினைவில்லை.

நான் கத்தியை எடுத்து நீட்டினேன். "சுரண்டிப் போடு. நாம ரெண்டு பேருதானே பார்த்தோம்."

அவள் கத்தியை வாங்கவே இல்லை. "நாற்பது பேரு இருக்காங்க, தெரியும் அண்ணி. ஆனா இதையும் ஒருத்தி உட்கார்ந்து ஒட்டியிருக்கா. பாருங்க, ஒரு சுருக்கம் இல்ல."

மறுநாள் முதலாளி முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, வேறு யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார். அண்ணி என்றாள்.

"அவங்க வெளியில சொல்ல மாட்டாங்கல்ல?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. நான் சொல்லுவேன்."

வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பதினொரு நாள் வீட்டில் இருந்தாள். கூட வேலை செய்த பெண்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் இரண்டு நாள் பேசவில்லை, பொய் சொல்வானேன்.

பன்னிரண்டாம் நாள் முதலாளியே அந்த லேபிளை எடுத்துக்கொண்டு வழக்குப் போட்ட ஆலையின் பெரியவரைப் பார்க்கப் போனார். அவர்களிடமும் பழைய தாள் ஒன்றும் இல்லையாம். பெரியவர் அதை வாங்கிப் பார்த்து, இது எங்க அப்பா கையால் போட்ட படம் என்று கண் கலங்கினாராம். வழக்கை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் படத்தை மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்வரை பழசையே ஓட்டுங்கள் என்றார்.

மாற்றினார்கள். அதே சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கோழி, பக்கத்தில் இரண்டு குஞ்சு. நாலு மாதம் அரை வேலைதான். சில அடுப்புகளில் கஞ்சிதான் கொதித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு ஒருநாள் கடைக்காரர் என்னிடமே கேட்டார், "என்னம்மா, உங்க சேவல் குஞ்சு பொரிச்சிடுச்சாமே?" ஜனங்களும் சிரித்துக்கொண்டே வாங்கப் பழகிவிட்டார்கள்.

அவளைத் திரும்பக் கூப்பிட்டு, புதுப் பலகை போட்ட மேசையில் உட்கார வைத்தார்கள். சுரண்டியிருக்கலாம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன், யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கோழியின் முதல் தாளை ஒட்டிவிட்டு அன்று அவள் வீட்டுக்கு வந்த முகத்தையும் பார்த்தவள் நான். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"இதுக்கு அடியில ஒண்ணும் இல்ல அண்ணி. வெறும் மரம். தடவிப் பார்த்துட்டுத்தான் ஒட்டினேன்."