விரலுக்குத் தெரியாத கூர்

கடைத்தெருவில் அந்தச் சவரக்காரரை எல்லோரும் ‘தாலாட்டு’ என்றுதான் சொல்வார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்தவர்கள் பாதிச் சவரத்திலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவதால் வந்த பெயர் அது. ரயிலுக்குப் போகிற வழியில் உட்கார்ந்த ஒருவர் அசந்து தூங்கி வண்டியைக் கோட்டை விட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கத்தி அவ்வளவு இதமாக ஓடியதற்குத் தீட்டும் பக்குவம்தான் காரணம். கடையைத் திறந்ததும் கல்லில் தண்ணீர் தெளிப்பார். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படிய வைத்து, அழுத்தாமல் தள்ளுவார். பிறகு சுவரில் தொங்கும் தோல்வாரில், முதுகு முன்னே போகும்படி இழுப்பார். கடைசியில் கட்டைவிரல் நுனியைக் கூரின் குறுக்கே பட்டும் படாமலும் வைத்துப் பார்ப்பார். தோலை லேசாகப் பிடித்தால் சரி. வழுக்கினால் மறுபடியும் கல்.

ஒரு காலையில் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறிய மரமரப்பு என்று நினைத்துக்கொண்டார். சில வாரங்களில் மற்ற விரல்களும் மரத்துப்போயின. வெகுநாளாகச் சர்க்கரை வியாதியோடு இருப்பவர். நரம்பு கெட்டுவிட்டது, இனிமேல் திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளப் பாருங்கள் என்றார் மருத்துவர். வீட்டில் மனைவி கேட்டதற்கு, சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று மழுப்பிவிட்டார்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் அன்று வழக்கம்போல் கண்ணயர்ந்திருந்தார். கண்ணாடியில்தான் தாலாட்டு அதைப் பார்த்தார்: தாடைக்குக் கீழே ரத்தம் இறங்கித் துண்டில் ஊறிக்கொண்டிருந்தது. கத்தி இறங்கியது அவருடைய கைக்குத் தெரியவே இல்லை. விழித்துக்கொண்ட தையல்காரர் கோபப்படவில்லை. படிகாரத்தைக் காயத்தில் அழுத்திக்கொண்டு, “விடுங்க, ஊசி குத்தாத நாளே இல்ல எனக்கு” என்று சிரித்தார். ஆனால் அடுத்த முறை வந்தபோது தாலாட்டின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. தையல்காரர் பத்திரிகையை விரித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலி காலியாகும்வரை காத்திருந்தார்.

அந்த நாற்காலி மச்சானுடையது. மனைவியின் தம்பி. கடையில் பாதிப் பங்குக்காரன். அன்று மதியமே தாலாட்டு, இனிமேல் சவரம் முழுக்க நீ பார்த்துக்கொள், கத்திகளை நான் தீட்டிக் கொடுக்கிறேன் என்று சொன்னார். மச்சான் மறுப்பான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தார். அவன் சரியென்று தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

அதன்பிறகு காலை முழுவதும் கல்லோடுதான் இருந்தார். விரல் கைவிட்டதால் காதை நம்பினார். கல்லில் ஓடும் சத்தம் மெலிந்தால் கூர் ஏறிவிட்டது என்று ஒரு கணக்கு. முன்கை ரோமத்தில் வைத்துப் பார்த்தால் ரோமம் உதிரத்தான் செய்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஆனாலும் மச்சான் குறை ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் வழவழவென்ற முகத்தோடு எழுந்து போனார்கள். கை போனாலும் பக்குவம் போகவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியவர், மூக்குக் கண்ணாடியை எடுக்கப் பாதி வழியில் திரும்பினார். கடையில் யாரும் இல்லை. பின்னறையிலிருந்து கல்லில் இரும்பு ஓடும் சத்தம் வந்தது. காலையில் அவர் தீட்டி வைத்த கத்திகளை எல்லாம் மச்சான் மறுபடி தீட்டிக்கொண்டிருந்தான். வாய் ஒடிந்த ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தான்.

“எத்தன நாளா?” என்றார்.

அவன் எழுந்து நின்றான். “ஆரம்பத்துல இருந்தே, மாமா.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“அக்காதான் வேணாம்னா. அந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் மிச்சம், அதையும் புடுங்கிடாதேன்னா.”

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாத்திரைக் கதையை அவள் ஒரு நாளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தன்னைச் சுற்றி இரண்டு பேர் எவ்வளவு பாடுபட்டு நடித்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க, ரத்தம் பார்த்த அன்றுகூட இல்லாத அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மறுநாளும் கடைக்குப் போனார். போகாமல் இருக்கத் தெரியவில்லை. வழக்கம்போல் தீட்டி வைத்தார். மச்சான் இப்போது மறைக்கவில்லை. கத்தியை வாங்கி, அவர் கண்முன்னாலேயே கல்லில் வைத்து அவர் செய்த கேட்டைச் சரிசெய்தான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஒளித்துச் செய்ததைவிடக் கொடுமையாக இருந்தது. வாரம் முடியும் முன்பே கல்லைக் கழுவித் துடைத்து அவனிடம் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாக நீவிவிட்டாள்.

“புடிச்சிருக்கேன், தெரியுதா?”

அவர் குனிந்து பார்த்தார். பார்த்தபிறகுதான் சொன்னார், “தெரியுது.”

அவள் தொடர்ந்து நீவிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.