வாயால் வாசித்த வயலின்

போன வாரம் மகள் ஹெட்போனை என் காதில் மாட்டி, "இதைக் கேளுங்கப்பா, செத்துப்போனவங்களுக்காக எழுதின ஆர்க்கெஸ்ட்ரா" என்றாள். கேட்கக் கேட்க எனக்கு மெழுகும் மருந்தும் கலந்த தீக்குச்சி வாசம்தான் வந்தது. கோவில்பட்டியில் வயலின் பிடித்தவன் கையில் வேறென்ன வாசம் இருக்கும்?

பகலில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை, சாயங்காலம் சர்ச்சில் ஒத்திகை. நாலைந்து வயலின், ரெண்டு கிளாரினெட், ஒரு டிரம்பெட். அதற்கே ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர் வைத்துக்கொண்டு கெத்தாகத் திரிந்தோம். நான் இரண்டாவது வயலின். அதைத் தனியாகக் கேட்டால் வயிற்றுவலிக்காரன் முனகுவதுபோல இருக்கும். டிரம்பெட், ஞானமணி அண்ணன். சபையில் யார் இறந்தாலும் துக்க இசை வாசித்தபடி கல்லறைத் தோட்டம் வரை நடப்போம். நடுவில் நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட, அவர் டிரம்பெட் மட்டும் தனியாக எழும்பும். அழாதவர்களும் அங்கே அழுதுவிடுவார்கள். அழுதபின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

அவரே ஒருநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். கடம்பூர் மாரி மதினியை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடித்தவர். மதினி மதம் மாறவில்லை.

"நம்ம சர்ச் கோயில்ல கல்யாணம் முடிக்காதவனுக்கு மணியும் கிடையாது, மியூசிக்கும் கிடையாது. குழி குடுத்ததே பெருசு" என்றார் சபைக் கமிட்டித் தலைவர். வாத்தியங்கள் சபைச் சொத்து. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதுவரை வாசிப்பதற்கு மட்டும் அண்ணன் சபைக்கு வேண்டியவராக இருந்தார்!

மதினி எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை பேருக்கு வாசிச்சிருக்காவ. அவியள மட்டும் ஊமையா அனுப்பிராதீங்க தம்பி."

சவப்பெட்டியைத் தூக்கினோம். தெருமுனை திரும்பியதும் கிளாரினெட்காரன் தன் பங்கை வாயாலேயே ஆரம்பித்தான். நாங்களும் பிடித்துக்கொண்டோம். கிறுக்குத்தனத்தைப் பாருங்கள், யாருக்கும் முழு மெட்டைப் பாடத் தோன்றவில்லை. அவரவர் வாத்தியத்தை மட்டும் பாடினோம். நான் என் முனகலை முனகினேன். இசை நோட்டில் அவரவர் வாத்தியத்துக்கு ஓய்வு வந்த இடத்தில் ஒழுங்காக விரல்விட்டு எண்ணிக்கொண்டு நடந்தோம். "ஏலே, நிறுத்துங்கலே!" என்று தலைவர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். மழையில் ஊறிய கரிசல் அவர் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது.

டிரம்பெட் இடம் வந்தது. பழக்கதோஷத்தில் எல்லோரும் நிறுத்திவிட்டோம். வாசிக்க வேண்டியவர் பெட்டிக்குள் இருக்கிறார்.

அப்போது மதினி பாடினார். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை, அவர் வந்திருந்தார். சொல் இல்லை, வெறும் "பா... பா...". வீட்டில் அண்ணன் பழகும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டது. சுருதி பிசகியது. ஆனால் ஒரு இடத்தையும் விடாமல், தலைவர் முகத்தைப் பார்த்தே பாடி முடித்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "ம், வாசிங்க" என்றார். கடவுள் அன்று எங்களோடுதான் நடந்தார். எந்தப் பிரசங்கியார் மறுத்தாலும் எனக்குக் கவலையில்லை.

இப்போது அந்தச் சர்ச்சில் ஒரே ஒரு கீபோர்டு. பொத்தானை அமுக்கினால் டிரம்பெட்டும் வருகிறது. பீரோ இல்லை, வாத்தியங்கள் இல்லை. தலைவரும் போய்விட்டார், மதினியும் போய்விட்டார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்த டிரம்பெட் இடத்தை மதினி பாடியபடியே மகளுக்குப் பாடிக் காட்டினேன்.

"சுருதி தப்புதுப்பா" என்றாள்.

"தப்பட்டும். அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் சத்தமாகப் பாடினேன்.